வேற ஸ்கூலுக்கு நான் எதுக்குப் போகணும்?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய வகுப்பை ஒரு நாள் வேறொரு பள்ளிக்கு அழைத்துப் போகிறார்கள். காலையில் அங்கே உள்ள மாணவர்களோடு வகுப்பில் உட்கார வேண்டும். சாப்பாட்டு இடைவேளைக்கு அப்புறம் இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் கலந்த குழுக்களாகப் பிரிந்து ஓர் அறிவியல் செய்முறையைச் செய்துகாட்ட வேண்டும். ஒப்புதல் படிவம் வந்த நாளிலிருந்து போக மாட்டேன் என்கிறாள். காரணம் கேட்டால், "போர்", "வேற ஸ்கூலுக்கு நான் எதுக்குப் போகணும்?" என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. போன வருஷம் அருங்காட்சியகத்துக்குச் சந்தோஷமாகத்தான் போய்வந்தாள். இப்போது இரண்டு நாளாகக் காலையில் வயிற்றுவலி வேறு. "ஒரு நாள்தானே, விடுங்களேன்" என்கிறார் என் மனைவி. இப்போது விட்டால் நாளைக்கு எதற்குமே போக மாட்டாள் என்பது என் பயம். திட்டிப் பார்த்தேன். போய்வந்தால் புது போன் வாங்கித் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். இன்னும் பத்து நாள் இருக்கிறது. இத்தனைக்கும், ஐந்தாம் வகுப்பு வரை இவளோடு ஒட்டிக்கொண்டே திரிந்த தோழி இப்போது அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள். நான் என்ன செய்வது?

பதில்: வணக்கம். நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, உங்கள் மனைவி சொல்வதிலும் இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே அனுப்புவதா, விடுவதா என்பதிலேயே நிற்கிறீர்கள். அவளுக்கு அந்த நாளில் எது பிடிக்கவில்லை என்பது வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியவில்லை. அது தெரியாமல் எந்த முடிவை எடுத்தாலும் குத்துமதிப்பாகத்தான் இருக்கும். பத்து நாளில் முதல் இரண்டு மூன்று நாளை அதைத் தெரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள்.

என் யூகத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு தோழியைக் குறிப்பிட்டிருக்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. தப்பாகவும் இருக்கலாம். அதனால் மற்றதையும் சேர்த்தே பார்ப்போம்.

அருங்காட்சியகத்துக்குச் சந்தோஷமாகப் போனாள் என்பது பயனுள்ள தகவல். பஸ் பயணம், வீட்டை விட்டு ஒரு நாள் முழுக்க வெளியே இருப்பது, கூட்டமாகப் போவது, இவையெல்லாம் பிரச்சினை இல்லை என்று கிட்டத்தட்ட ஒதுக்கிவிடலாம். அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். இன்னொரு பள்ளியில் பிள்ளைகளைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள். வகுப்புக்குள் நுழைந்தவுடன் அத்தனை தலைகளும் திரும்பும். எங்கே உட்காருவது, கழிப்பறை எங்கே இருக்கிறது, அதற்கு யாரிடம் கேட்பது, ஆசிரியர் கேள்வி கேட்டால் கை தூக்கலாமா என்று எதுவும் தெரியாது. சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும், அவர்களும் அதே வயதுக்காரர்கள். உங்கள் வேலையையே செய்கிறவர்கள் நிறைந்த வேறோர் அலுவலகத்துக்கு உங்களை ஒரு நாள் அனுப்பி, மதியம் அவர்களோடு சேர்ந்து மேடையேறி எதையாவது செய்துகாட்டச் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நம்மில் பலருக்கு அன்றைக்கு என்று பார்த்து உடம்பு சரியில்லாமல் போய்விடும்.

13 வயதில் இந்தக் கூச்சம் இன்னும் கூர்மையாக இருக்கும். வளரிளம் பருவத்தினர் தங்களை எந்நேரமும் ஒரு கூட்டம் கவனித்துக்கொண்டே இருப்பதாக உணர்கிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967-ல் எழுதினார். அந்தக் கூட்டத்துக்குக் கற்பனைப் பார்வையாளர்கள் என்று பெயரும் வைத்தார். பெரியவர்களான பின்பும் இது முழுதாகப் போவதில்லை. உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் 2000-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு பிரபலமானது. போட்டுக்கொள்ளவே கூச்சப்படும்படியான டி-ஷர்ட்டைக் கல்லூரி மாணவர் ஒருவருக்கு மாட்டிவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். இப்படிப் போய்வந்தவர்கள், அறையில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தங்கள் சட்டையைக் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான்.

இதைப் படித்துவிட்டு நேராக அவளிடம் போய், "உன்னை யாரும் பார்க்க மாட்டாங்கம்மா" என்று சொல்லிவிடாதீர்கள். இந்த விஷயத்தில் அது உண்மையும் இல்லை. வெளியிலிருந்து வருகிற வகுப்பைப் பிள்ளைகள் பார்க்கத்தான் செய்வார்கள், முதல் பத்து நிமிஷம் நன்றாகவே பார்ப்பார்கள். அப்புறம் பழகிவிடும். இல்லாததைச் சொல்லித் தேற்றினால், அங்கே போய் முதல் பார்வை பட்டதுமே உங்கள் மீதுள்ள நம்பிக்கை போய்விடும். "முதல்ல கொஞ்ச நேரம் பார்ப்பாங்க. அப்புறம் அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிடுவாங்க" என்று சொல்லுங்கள், அது நிற்கும்.

சரி, தோழிக்கு வருவோம். தெரிந்த முகம் ஒன்று இருக்கிறதே, இவளுக்குச் சுலபம்தானே என்று நீங்கள் கணக்குப் போடுகிறீர்கள். பெரியவர்களின் கணக்கு அது. ஐந்தாம் வகுப்பில் பிரிந்தவர்களுக்கு நடுவே இப்போது மூன்று வருஷம் கிடக்கிறது. அந்த வயதில் மூன்று வருஷம் என்பது ரொம்ப அதிகம். முதலில் தினமும் பேசியிருப்பார்கள். பிறகு வாரம் ஒருமுறை ஆகியிருக்கும். பிறகு ஒருத்தி அனுப்பிய செய்திக்கு மற்றவள் பதில் போடாமல் விட்டிருப்பாள். சண்டை என்று ஒன்று நடந்திருக்கவே வேண்டாம். நம்மோடு எப்போதும் இருந்தவள் தன் புதுத் தோழிகளோடு நிற்பதை இவள் பார்க்க வேண்டும். அவள் ஓடிவந்து பேசுவாளா, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் இருந்துவிடுவாளா என்பது தெரியாது. தன் வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? இந்தக் கேள்வியோடு தூங்கப் போகிற பிள்ளைக்குக் காலையில் வயிறு வலிப்பதில் ஆச்சரியமில்லை. "உன் ஃப்ரெண்ட்தான் அங்க இருக்காளே" என்று வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்களோ, அத்தனை தடவையும் அதே இடத்தில்தான் பட்டிருக்கும்.

வேறு சாத்தியங்களும் இருக்கின்றன. முன்பு எப்போதாவது அந்தப் பள்ளியில் இவளுக்கு இடம் கேட்டுக் கிடைக்காமல் போனதா? அப்படியானால் அது வீட்டில் எல்லாருக்கும் மறந்துபோயிருக்கும், அவளுக்கு மறந்திருக்காது. அந்தப் பள்ளி வசதியானதாகவோ மதிப்பெண்ணுக்குப் பேர்போனதாகவோ இருந்தால், கலப்புக் குழுவில் தான் மட்டும் முட்டாளாகத் தெரிவோமோ என்ற எண்ணம் வரலாம். சிக்கல் சொந்த வகுப்புக்குள்ளேயே கூட இருக்கலாம். பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்காருவது என்பது பெற்றோருக்குத் தெரியாமல் போகிற பெரிய அரசியல். அப்புறம், ஒரு தந்தை என்பதால் உங்களுக்குச் சட்டென்று தோன்றாமல் இருந்திருக்கக்கூடிய ஒன்று: அந்த நாள் அவளுடைய மாதவிடாய் நாட்களில் வருகிறதா? தெரியாத பள்ளி, தெரியாத கழிப்பறை, எப்போது வெளியே விடுவார்கள் என்று தெரியாத வகுப்பு. எத்தனையோ பெண் பிள்ளைகள் இந்த ஒரே காரணத்துக்காக எதற்கும் வர மாட்டேன் என்பார்கள், வாயைத் திறந்து காரணம் மட்டும் சொல்ல மாட்டார்கள். இதை உங்கள் மனைவி தனியாக அவளிடம் கேட்கட்டும். காரணம் அதுதான் என்றால் பாதி வேலை அன்றைக்கே முடிந்தது: தேவையானதைப் பையில் வைத்து, மாற்று உடையும் ஒன்று வைத்து, உடன் போகிற ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

எப்படிக் கேட்பது? எதிரில் உட்காரவைத்து "ஏன்?" என்று கேட்டால் "போர்" என்றுதான் பதில் வரும். அவள் பொய் சொல்லவில்லை, தனக்கே இன்னும் வடிவம் பிடிபடாத ஒன்றுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறாள். முகத்துக்கு முகம் பார்க்காத நேரமாகத் தேர்ந்தெடுங்கள். வண்டியில் போகும்போது, துணி மடிக்கும்போது, நடந்துபோகும்போது. ஏன் என்பதை விட்டுவிட்டு, எந்த இடம் என்று கேளுங்கள்.

"போறதா வேண்டாமான்னு இப்ப முடிவு பண்ண வேண்டாம்மா. அந்த நாளை மட்டும் நினைச்சுப் பார்ப்போம். காலைல பஸ் ஏறுற. அது எப்படி இருக்கும், பத்துக்கு எத்தனை கஷ்டம்?"

"ரெண்டு."

"அங்க இறங்கி கிளாஸுக்குள்ள போறது?"

"ஆறு."

"சாப்பாட்டு டைம்?"

அங்கே பதில் வராமல் நின்றுவிட்டால் அதுதான் இடம். அவசரப்பட்டு அதை நிரப்பாதீர்கள். பத்து விநாடி சும்மா இருப்பது பெற்றோருக்குக் கஷ்டம்தான், இருந்தாலும் முயன்று பாருங்கள். எண் போடச் சொல்லும் இந்த முறை என் தொழிலில் பழையது. பெரிய மனக்கலக்கத்தைப் பேச வராத பிள்ளைகள்கூட "ஒன்பது" என்று சொல்லிவிடுவார்கள். ஒரு நாள் முழுக்கக் கெட்டதாகத் தெரிந்தது, பேசி முடிக்கும்போது இரண்டு மணி நேரக் கெட்டதாகச் சுருங்கியிருக்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு வழி தேடினால் போதும்.

பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளைகளைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்த கிறிஸ்டோபர் கியர்னி, அந்த மறுப்பால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்கச் சொல்வார். மனதைக் கலக்குகிற ஏதோ ஒன்றிலிருந்து விலக முடிகிறதா? மற்றவர்கள் எடைபோடும் இடத்திலிருந்து தப்ப முடிகிறதா? அப்பா அம்மாவின் கவனம் கிடைக்கிறதா? வீட்டில் அதைவிடச் சுவாரசியமாக ஏதாவது காத்திருக்கிறதா? உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான் முன்னால் நிற்கிறது. கடைசி இரண்டுக்கும் தடயமே இல்லை. ஆகவே இது சோம்பலோ அடமோ என்று எனக்குத் தோன்றவில்லை.

வயிற்றுவலியைப் பற்றி ஒரு வார்த்தை. அது நடிப்பில்லை. மனக்கலக்கம் குடலைப் பாதிக்கும், வலி நிஜமான வலிதான். காலையில் வந்து, பள்ளி விடுமுறை நாளில் காணாமல் போகிறதா என்று கவனியுங்கள். ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, காய்ச்சல், வாந்தி, எடை குறைவது, ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருப்பது என்று ஏதாவது இருந்தால் யோசிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது உங்கள் போன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள், ஆனால் இவ்வளவு பெரிய பரிசு தருகிற அளவுக்கு அந்த நாள் பயங்கரமானதா என்று அவள் யோசிக்க ஆரம்பித்திருப்பாள். அவள் போகாவிட்டால் ஒரு நாளோடு போனும் போய்விட்டது என்று தோல்வி இரண்டாகிவிடும். அதனால் பேச்சைத் திருப்பி எடுத்துவிடுங்கள், வெளிப்படையாகவே: "போன் வாங்கித் தரேன்னு சொன்னேன்ல, அது சரியா வராதும்மா. அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போட வேண்டாம்." கோபித்துக்கொள்வாள். பரவாயில்லை. போய்வந்த பிறகு பிடித்த இடத்துக்கு எல்லாருமாகப் போவது போன்ற சின்ன சந்தோஷம் தப்பில்லை, அதையும் முன்கூட்டியே பேரம் பேச வேண்டாம்.

உங்கள் மனைவியின் யோசனையில் ஒரு சிக்கல் உண்டு. விட்டுவிடலாம் என்று சொன்ன அந்த நிமிஷமே வயிற்றுவலி நின்றுவிடும், முகம் மலர்ந்துவிடும். அந்த நிம்மதிதான் பிரச்சினை. விலகினால் நிம்மதி என்று உடம்பு கற்றுக்கொள்கிறது, அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் விலகச் சொல்கிறது. அதே நேரம், பிடித்துத் தள்ளிவிட்டால் பயம் போய்விடும் என்பதும் நடப்பதில்லை. 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டால் அலறுகிற ஏறக்குறைய மூன்று வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அறையின் தூரத்து மூலையில் முயல் கூண்டை வைப்பார். நாளாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவருவார். பயமில்லாமல் முயலோடு விளையாடுகிற மற்றப் பிள்ளைகளும் அவன் பக்கத்தில் இருந்தார்கள். கடைசியில் அவனே முயலைத் தொட்டு விளையாடினான். இப்போது நாங்கள் செய்கிற பயச் சிகிச்சைகளில் பலவற்றின் அடிப்படை இதுதான்: கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே போவது, பயப்படாத ஒருவர் பக்கத்தில் இருப்பது.

உங்கள் பத்து நாளில் இது எப்படி நடக்கும்? அந்தப் பள்ளியின் படங்கள் இணையத்தில் இருந்தால் சேர்ந்து பாருங்கள், நுழைவாசல், ஆய்வகம், மைதானம். அன்றைய நிகழ்ச்சி நிரலைப் பள்ளியிடம் கேட்டு வாங்கிக் கையில் கொடுங்கள். எத்தனை மணிக்கு என்ன என்று தெரிந்தாலே பாதிக் கலக்கம் குறைகிற பிள்ளைகள் உண்டு. தோழிதான் காரணம் என்று தெரிந்துவிட்டால், அந்தச் சந்திப்பை அன்றைக்குக் கூட்டத்தின் நடுவே நடக்க விடாமல், முன்னாலேயே சின்னதாக நடத்திவிட முடியுமா என்று பாருங்கள். "உங்க ஸ்கூலுக்கு வர்றோம்" என்று ஒரே ஒரு வரிச் செய்தி. அதை அவள் எழுதினால்தான் சரி. நீங்கள் அந்தத் தோழியின் அப்பாவுக்கு போன் போட்டு ஏற்பாடு செய்யாதீர்கள், தெரிந்தால் மானம் போய்விடும் அவளுக்கு. பதில் வந்தால் நல்லது. வராவிட்டாலும் அவள் வீட்டில் இருந்துகொண்டே அதைத் தாங்கிக்கொள்வாள், நீங்களும் பக்கத்தில் இருப்பீர்கள். செய்தி அனுப்பவே முடியாது என்றால், நேரில் பார்த்தால் என்ன சொல்வது என்று ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொள்ளலாம். "ஹாய், எப்படி இருக்க? எங்க டீச்சர் கூப்பிடுறாங்க, அப்புறம் பார்க்கலாம்" போதும். நகர்ந்துபோக ஒரு சாக்கு கையில் இருக்கும் வாக்கியமாக இருந்தால் நல்லது.

அடுத்து வகுப்பு ஆசிரியர். அவரிடம் நீங்கள் பேசத்தான் வேண்டும், அவளுக்குத் தெரிந்தே பேசுங்கள். "உன்னைப் பத்தித் தனியா எதுவும் சொல்லாம, டீச்சர்கிட்ட இந்த மூணு விஷயம் மட்டும் கேட்கிறேன், சரியா?" என்று அவளிடமே சம்மதம் வாங்குங்கள். என்ன கேட்க வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு பழைய ஆய்வைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்படிப்பட்ட பயணங்களை ஏற்பாடு செய்கிற பள்ளிகளுக்கே அது பயன்படும்.

1954-ல் சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃபும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு கோடை முகாம் நடத்தினார்கள். ஏறக்குறைய 11 வயதுள்ள 22 பையன்கள், இரண்டு குழுக்கள். போட்டிகள் வைத்ததும் இரண்டு குழுவுக்கும் ஆகாமல் போய்விட்டது. (இன்றைக்கு இப்படியோர் ஆய்வுக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது.) அப்புறம் அவர்களைச் சேர்த்துவைக்க முயன்றார்கள். முதலில் செய்தது, பெரும்பாலான பள்ளிகள் செய்வதுதான்: ஒன்றாகச் சாப்பிடவைத்தார்கள், ஒன்றாகப் படம் பார்க்கவைத்தார்கள். பலனில்லை. சாப்பாட்டு அறையில் ஒருவர் மேல் ஒருவர் உணவை எறிந்ததுதான் மிச்சம். இரண்டு குழுவும் சேராமல் முடியாது என்கிற வேலைகள் வந்தபோதுதான் நிலைமை மாறியது. தண்ணீர் வருவது நின்றுபோனதைச் சேர்ந்து சரிசெய்தார்கள், கிளம்பாத லாரியைச் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தார்கள். அதே 1954-ல் உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் எழுதியதும் இதையொட்டியே வருகிறது: இரண்டு தரப்பும் சமமான நிலையில் இருந்து, பொதுவான நோக்கத்துக்காகச் சேர்ந்து உழைத்து, பொறுப்பில் இருப்பவர்களும் அதற்குத் துணை நின்றால்தான் சந்திப்பு நல்லபடி அமையும்.

உங்கள் மகளின் நாளை இதில் வைத்துப் பாருங்கள். எல்லாரும் பயப்படுவது மதியச் செய்முறைக்கு. என் கணிப்பில் அன்றைய நாளிலேயே சுலபமான பகுதி அதுதான். கைக்கு வேலை இருக்கும், பேசுவதற்கு விஷயம் இருக்கும், யாரும் யாரையும் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. கஷ்டமானது சாப்பாட்டு இடைவேளை. எந்த வேலையும் இல்லாமல், யாரோடு சேர்வது என்று தெரியாமல் கையில் டப்பாவோடு நிற்கிற நேரம். தோழி எதிரில் வரக்கூடிய நேரமும் அதுதான். ஆகவே ஆசிரியரிடம் கேட்க வேண்டியவற்றில் முதலாவது, சாப்பிடும்போது நம் வகுப்புப் பிள்ளைகள் எங்கே, யாரோடு உட்காருவார்கள் என்பது. "அவங்களே கலந்துக்குவாங்க" என்று பதில் வந்தால், தன்மையாக இன்னொரு முறை கேளுங்கள். தானாகக் கலப்பவர்கள் ஏற்கெனவே கலகலப்பானவர்கள். இரண்டாவது, அவளுக்குப் பழக்கமான ஒருத்தியை அவளோடு இணையாகப் போட முடியுமா, பஸ்ஸிலும் வகுப்பிலும். ஒருத்தி போதும். மூன்றாவது, செய்முறைக் குழுவில் அவளுக்கு என்று ஒரு குறிப்பிட்ட வேலை: அளந்து ஊற்றுவது, நேரம் குறிப்பது, வரைபடம் போடுவது. முதல் ஆளாகப் பேசுகிற பொறுப்பு வேண்டாம். 1971-ல் உளவியலாளர் எலியட் ஆரன்சன் வகுப்பறைகளில் புகுத்திய முறை ஒன்று இருக்கிறது. பாடத்தைத் துண்டு துண்டாக்கி, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டைக் கொடுப்பார்கள். ஒவ்வொருவரிடம் இருப்பதும் மற்றவர்களுக்குத் தேவைப்படும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இது பெரிய உதவி. அவளே போய் நட்பைக் கேட்க வேண்டியதில்லை, தேவை வரும்போது அவர்களே இவளிடம் வருவார்கள்.

ஒரு வெளிவாசலும் வேண்டும். தாங்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று முன்னாலேயே பேசிவையுங்கள்: ஆசிரியரிடம் போய்த் தலைவலிக்கிறது என்று சொன்னால் அவர் புரிந்துகொண்டு, பத்துப் பதினைந்து நிமிஷம் ஓர் ஓரமாக உட்காரவைப்பார். அப்புறம் திரும்பிப் போகலாம். "போன் பண்ணு, உடனே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் நாள் முழுக்க எப்போது போன் செய்யலாம் என்பதே மனதில் ஓடும்.

மேலே சொன்னது எல்லாம், பயம் மட்டும்தான் காரணம் என்றால். பேசிப் பார்க்கும்போது வேறு மாதிரி தெரியவந்தால், உதாரணமாக அந்தத் தோழியோ அங்கே உள்ள யாரோ இவளைப் பற்றிக் கேவலமாக எழுதிப் பரப்பியிருந்தால், மிரட்டியிருந்தால், சொந்த வகுப்பிலேயே இவளைக் குறிவைக்கிற கூட்டம் ஒன்று இருந்தால், போக மறுப்பது புத்திசாலித்தனம். அப்போது இந்தப் பயணத்தை இரண்டாம் பட்சமாக வைத்துவிட்டு, செய்திகளை அழிக்காமல் பத்திரப்படுத்தி, பள்ளியிடம் எடுத்துச் சொல்லுங்கள். இப்படி உண்மையான ஆபத்து இருக்கும் இடத்தில் தைரியத்தைப் பழக்க நினைக்கக் கூடாது.

அன்றைய காலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முந்தின நாள் இரவே பையை எடுத்துவையுங்கள். காலையில் "போறியா?" என்ற கேள்வியைத் திரும்பத் திறக்காதீர்கள், பதிலாக "இல்லை" வருவதற்கு வழி விடுகிற கேள்வி அது. வழக்கமான நாளைப் போலவே கிளம்பி, வழக்கமான நேரத்தில் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். வாசலில் நீங்கள் கலங்கிக்கொண்டு நின்றால் அவளுக்கு அது செய்தியாகிவிடும்.

சாயங்காலம் வந்ததும் "பார்த்தியா, நான் சொன்னேன்ல?" வேண்டவே வேண்டாம். அவள் செய்த காரியத்தை உங்கள் வெற்றியாக மாற்றிவிடும் வாக்கியம் அது. "எப்படி இருந்துச்சு?" என்பதும் ரொம்பப் பெரிய கேள்வி. சாப்பாட்டு டைம் ஆறா எட்டா என்று எண்ணில் கேளுங்கள். முன்பு ஒன்பது போட்ட இடத்துக்கு இப்போது ஐந்து போட்டால், அந்த வித்தியாசம் அவளுக்கே தெரியும், நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஸ்கூல் மொக்கை, அந்த டீச்சர் அறுவை என்று குறை சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். போய்வந்தவர்களுக்குத்தானே குறை சொல்ல உரிமை உண்டு.

இவ்வளவும் செய்து, கடைசியில் அவள் போகவில்லை என்றால்? உலகம் முடிந்துவிடாது. நாளைக்கு எதற்குமே போக மாட்டாள் என்கிற உங்கள் பயத்துக்கு இந்த ஒரு நாள் ஆதாரமாகாது. வீட்டில் இருக்கிற அந்த நாள் மட்டும் பள்ளி நாளாகவே இருக்கட்டும்: அதே நேரத்தில் எழுவது, பாடம், டிவியும் போனும் பள்ளி விடுகிற நேரத்துக்கு அப்புறம்தான். இதைத் தண்டனையாக இல்லாமல், வழக்கமாகச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்குள், இதைவிடச் சின்னதாக, தெரியாதவர்கள் சிலர் இருக்கிற இடம் ஒன்றுக்கு அவளைக் கூட்டிப் போங்கள். நூலக நிகழ்ச்சி, உறவினர் வீட்டு விசேஷம், எதுவானாலும் சரி. மனைவியும் நீங்களும் இதில் ஒரே பேச்சாக இருக்க வேண்டும். அப்பா அனுப்பச் சொல்கிறார், அம்மா விடச் சொல்கிறார் என்றால் பிள்ளையின் மூளை அந்த இடைவெளியில்தான் வேலை செய்யும், நம் மூளையும் அப்படித்தான் செய்திருக்கும்.

கடைசியாக, எப்போது எங்களைப் போன்றவர்களிடம் வர வேண்டும்? ஒரு பயணத்தை மறுப்பதற்காக வரத் தேவையில்லை. வகுப்பில் பதில் சொல்வது, கடையில் பொருள் கேட்பது, விருந்தினர் முன் வருவது, மற்றவர்கள் பார்க்கச் சாப்பிடுவது என்று பல இடங்களில் இதே பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், அல்லது வழக்கமான பள்ளி நாட்களையே அடிக்கடி தவறவிட ஆரம்பித்தால் வாருங்கள். தூக்கமும் சாப்பாடும் குறைந்து, பிடித்த விஷயங்களிலும் ஆர்வம் போய்விட்டால் ஆறு மாதம் காத்திருக்காதீர்கள். பள்ளியில் ஆலோசகர் இருந்தால் முதலில் அவரைப் பாருங்கள், அவளுடைய வகுப்பும் ஆசிரியர்களும் அவருக்குத் தெரியும். இல்லாவிட்டால் குழந்தைகளைப் பார்க்கிற உளவியல் நிபுணர் ஒருவரை அணுகுங்கள். முதல் சந்திப்புக்கு நீங்களும் உங்கள் மனைவியும் மட்டும் போனாலே போதும்.